காவலுக்கு வந்த குட்டியே கோழியைக் கடித்தால்…

வாசகர் கடிதத்தின் சுருக்கம்:

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டத்தில் ஒரு கிராமம். வீட்டைச் சுற்றி ஒன்றேகால் ஏக்கர் நிலம். ஒரு பக்கம் கரும்பு, மறுபக்கம் அடுத்தவர் முந்திரித் தோப்பு. தை மாதம் சிறுவிடையும் பெருவிடையுமாக 58 நாட்டுக்கோழிகள் இருந்தன. நான்கு மாதத்தில் 32தான் மிச்சம். பகலில் குஞ்சும் இளங்கோழியுமாக 13 காணாமல் போயின. இரவில் கீற்றுக் கொட்டகைக்குள் இரண்டு முறை சேதம்: முதல் தடவை நான்கு, அடுத்த தடவை ஏழு. அந்த ஏழில் மூன்றுக்குத் தலையே இல்லை. முகட்டுக் கீற்று பிரிந்து கிடந்தது. "எல்லாம் நரி வேலை" என்று ஊரில் சொல்ல, மகன் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு ராஜபாளையம் குட்டிகளை வாங்கி வந்தார். இப்போது அவற்றுக்கு ஐந்து மாதம். போன வாரம் இரண்டும் சேர்ந்து இரண்டு கோழிகளைக் கொன்றுவிட்டன. மூன்றாவது கோழி காயத்தோடு கிடக்கிறது. செத்த கோழியைக் குட்டியின் கழுத்தில் கட்டித் தொங்கவிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வாத்து வாங்கலாம் என்கிறார் கணவர். தங்கை கினிக்கோழி என்கிறார். கொழுந்தனாரோ, செத்த கோழியில் பூச்சிமருந்து தடவி வேலியோரம் போட்டால் ஒரே ராத்திரியில் தொல்லை தீரும் என்கிறார். "யார் பேச்சைக் கேட்பது டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரிக்கு,

உங்கள் கணக்கையே கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். போன 26 கோழிகளில் 11 இரவில், கொட்டகைக்குள்ளேயே செத்தவை. 13 பகலில் மேய்ச்சலின்போது போனவை. இரண்டு, குட்டிகள் கடித்தவை. மூன்றும் மூன்று வேறு வழக்குகள். இரவுக் கணக்கைத் தீர்க்க நாயோ வாத்தோ வேண்டியதில்லை. கம்பி வலையும் தாழ்ப்பாளும் போதும். காவல் விலங்குக்கு முக்கிய வேலை பகலில்தான். அதுவும் பெரும்பாலும் சத்தம் போடுகிற வேலை. எதிரியோடு சண்டை போட்டு ஜெயிக்கிற வேலை இல்லை.

திருடன் நரிதானா?

நரி ஒரு கோழியைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும். போன வழியெல்லாம் கரும்புக் கொல்லை வரைக்கும் இறகு சிந்திக் கிடக்கும். முகட்டில் ஏறிக் கீற்றைப் பிரிக்கிற வித்தை அதற்குத் தெரியாது. மேலேயிருந்து இறங்கி, ஒரே இரவில் பலவற்றின் கழுத்தைக் கடித்து, தலையை மட்டும் தின்றுவிட்டுப் போவது அநேகமாக மரநாய். அது பழமும் தின்னும் பிராணி. முந்திரிப்பழம் உதிர்கிற காலத்தில் உங்கள் பக்கத்துத் தோப்பில் அது சுற்றுவதில் வியப்பில்லை. அடைத்த இடத்தில் கோழிகள் படபடவென்று அடித்துக்கொள்ளும்போது, தின்ன முடிந்ததைவிட அதிகமாகக் கொன்றுபோடும்.

ஊகத்தில் நிற்க வேண்டாம், தடம் பாருங்கள். கொட்டகையைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சலித்த மணலையோ அடுப்புச் சாம்பலையோ மாலையில் சீராகப் பரப்பிவிடுங்கள். விடியற்காலை, கோழியைத் திறந்துவிடும் முன் பாருங்கள். நான்கு விரல், நகம் பதியாத வட்டமான தடம் என்றால் பூனை; வீட்டுப்பூனையாகவும் இருக்கலாம், காட்டுப்பூனையாகவும் இருக்கலாம். நான்கு விரலோடு நகமும் பதிந்திருந்தால் நாய் அல்லது நரி. ஐந்து விரல் என்றால் கீரி அல்லது மரநாய். கீரி பகல் பிராணி. இரவில் பதிந்த ஐந்து விரல் தடம் மரநாயினுடையது என்றே எடுத்துக்கொள்ளலாம். கால் தடமே இல்லாமல் குஞ்சு மட்டும் குறைந்தால் பாம்பையோ, அடியில் வளை தோண்டி வரும் பெருச்சாளியையோ நினையுங்கள். செத்துக் கிடக்கும் குஞ்சின் தலையும் கழுத்தும் எச்சிலில் நனைந்தது போல ஒட்டிக் கிடந்தால், பாம்பு விழுங்கப் பார்த்துத் துப்பிவிட்டுப் போயிருக்கிறது.

பகலில் போன 13-க்கு ஒரே குற்றவாளி இருக்க வாய்ப்பில்லை. பத்து நாளுக்குட்பட்ட குஞ்சைக் காக்கையே தூக்கும். அதைவிடக் கொஞ்சம் பெரியதை வல்லூறும் பருந்தும் எடுக்கும். இளங்கோழி வரப்போரம் மறைந்தால் கீரி அல்லது காட்டுப்பூனை. கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் அதுவரை உள்ளே பதுங்கியிருந்ததெல்லாம் வெளியே வரும். பக்கத்துக் கொல்லையில் வெட்டு தொடங்கினால், அடுத்த இரண்டு வாரத்துக்கு வெயில் ஏறிய பிறகே கோழியைத் திறந்துவிடுங்கள்.

முதலில் கொட்டகை

கடைகளில் கோழிவலை என்று விற்கிற அறுகோணக் கண் வலை, கோழியை உள்ளே நிறுத்தி வைக்கத்தான் உதவும். நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். உங்களுக்கு வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்த கட்டியான வலை. நாலு பக்கமும் அடிப்பதோடு நின்றுவிடாமல், கூரைக் கீற்றுக்கு அடியிலும் முழுக்க விரித்துக் கட்டுங்கள். மரநாய் கீற்றைப் பிரித்தாலும் வலையில் முட்டி நிற்கும். உங்கள் வீட்டில் நடந்த சேதத்துக்கு நேரான மருந்து இதுதான். வேறெதையும் இப்போது செய்ய முடியாவிட்டாலும் இந்த வாரமே இதைச் செய்துவிடுங்கள்.

தரையோரம் தோண்டி வருகிறவற்றுக்கு, சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கவைத்து, முளை அடித்து, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். தோண்டுகிற பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்டும். ஒன்றரை அடி தள்ளிப் போய்த் தொடங்க அதற்குத் தோன்றாது. கதவுக்கு அடியில் ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. வெறும் கொக்கி போதாது, நாய் மூக்கால் தட்டினாலே திறந்துகொள்ளும். தள்ளுதாழ்ப்பாளோடு ஒரு கொண்டியும் வையுங்கள். 32 கோழிகள் உட்கார ஏழடிக் கழி மூன்று, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வலைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி. சுவரை ஒட்டி உட்கார்ந்தால் வெளியே வலையைப் பிறாண்டும் பூனைக்கே கோழிகள் மிரண்டு கீழே விழும்.

புதிதாகக் கட்டுவதானால் இரண்டரை அடி உயரத்தில் தூண்மேல் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைக் கொட்டகை நம் மாவட்டத்தில் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூரையைத் தூணோடு கம்பி போட்டு முறுக்கிக் கட்டுங்கள். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது இங்கே கூரைகள் பறந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம். (கடற்கரையோரம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உப்புக்காற்றில் கம்பி வலை சீக்கிரம் துருப்பிடிக்கும். வருடம் ஒருமுறை கையால் அழுத்திச் சோதியுங்கள்.)

இரண்டு குட்டிகளை என்ன செய்வது?

உங்கள் மகன் மேல் கோபப்பட வேண்டாம். ஆனால் தேர்வு பொருந்தவில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் ஓடுகிற இரையைக் கண்ணால் பார்த்துத் துரத்த வளர்த்தெடுத்த வேட்டை நாய்கள். வீட்டுக்கும் ஆளுக்கும் ராஜபாளையம் நல்ல காவல்தான். இறக்கையை அடித்துக்கொண்டு ஓடுகிற கோழியோ அதற்கு அழைப்பு விடுக்கிற மாதிரி. ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒன்று துரத்தத் தொடங்கினால் மற்றது கூடவே போகும், உங்கள் குரலைவிட ஒன்றின் போக்கு மற்றதற்குப் பெரிதாகத் தெரியும்.

"ரத்த ருசி கண்டுவிட்டது, இனி விடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். ருசி இல்லை சகோதரி, துரத்துவதே அதற்குப் பரிசு. ஒவ்வொரு தடவை பிடிக்கும்போதும் பழக்கம் இறுகும். ஆகவே திருத்துவதற்கு முன்னால் தடுப்பது முக்கியம்: இன்றிலிருந்து இரண்டும் கட்டில்லாமல் கோழியிருக்கும் பக்கம் வரவே கூடாது.

செத்த கோழியைக் கழுத்தில் கட்டுவது பலன் தராது. நேற்றுத் துரத்தியதையும் இன்று கழுத்தில் நாறுவதையும் நாய் இணைத்துப் பார்க்காது. ஈ மொய்த்துப் புழு வைக்கும், கழுத்துத் தோல் புண்ணாகும். விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் கீழ் அதைக் கொடுமை என்று சொல்லவும் இடமுண்டு. அடித்தால் உங்களைக் கண்டு பயப்படும்; நீங்கள் இல்லாத நேரத்தில் கோழியைத் துரத்தும்.

பழக்கத் தொடங்கும் முன் ஒரு சோதனை. வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு. ஒவ்வொரு குட்டியையும் தனியாக, அது வேறெங்கோ பார்க்கும்போது, பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையைத் தட்ட வேண்டாம். அதிர்வு காலில் தெரிந்து திரும்பிவிடும். காது திரும்பவே இல்லையென்றால், "விடு" என்று நீங்கள் கத்துவது அதற்கு எட்டவே இல்லை. அந்தக் குட்டியைக் கோழியோடு பழக்க முயல வேண்டாம்.

காது கேட்கிற குட்டி என்றால் இப்படிச் செய்யுங்கள். இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகக் கட்டுங்கள். காலையில் முக்கால் மணி நேரம் ஓடவிட்டுக் களைப்பாக்குங்கள். பிறகு ஐந்தாறு கோழிகளை வலைக்குள் விட்டு, 15 அடி தள்ளிக் குட்டியை ஆறடிக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள். அது கோழியிலிருந்து கண்ணை எடுத்து உங்களைப் பார்க்கிற நொடியில் முள் எடுத்த வேகவைத்த மீன் துண்டு ஒன்று. உடம்பு விறைத்து, தலை தாழ்ந்து, முன்னங்கால் ஒன்று தூக்கி, வால் அசையாமல் நின்றால் பாய்வதற்கு முந்தைய கணம் அது. அதட்டாமல், கயிற்றைச் சுண்டாமல், அப்படியே திருப்பி இன்னும் ஐந்தடி பின்னால் கூட்டிப் போங்கள். தூரம் போதவில்லை என்று அர்த்தம். தினமும் இரண்டு வேளை. மூன்று நாள் நிதானமாக இருந்தால் மூன்றடி நெருங்கலாம். வலைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற நிலை வர ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதற்குப் பிறகு 15 அடிக் கயிறு தரையில் இழுபட, நீங்கள் கூட நிற்க, திறந்த கோழிகளோடு. ஒன்றரை வயது ஆகும்வரை தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். ஏழு மாதம் முதல் ஒரு வயது வரை, நல்ல பிள்ளை மாதிரி இருந்த நாயே திடீரென்று விளையாட்டாக ஒன்றைக் கடித்துப்போடும்.

என் யோசனை: நிதானமானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கோழி இல்லாத வீட்டுக்குக் கொடுங்கள். வைத்துக்கொள்ளும் குட்டியும் எட்டு வாரத்துக்குப் பிறகும் விறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால், அதற்கு மேய்ச்சல் காவல் வேண்டாம், எல்லைக் காவல் கொடுங்கள். கரும்புப் பக்கமாக இரண்டு தூண் நட்டு, ஏழடி உயரத்தில் 40 அடி நீளத்துக்கு இழுத்துக் கட்டிய இரும்புக் கயிறு. அதில் ஓடுகிற வளையம். வளையத்திலிருந்து நாய் வசதியாகப் படுக்கிற நீளத்துக்குச் சங்கிலி. கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப்பட்டையில் மாட்டுங்கள். இரண்டு முனையிலும் தூணுக்கு நாலடி முன்பே வளையம் நிற்கும்படி கிளிப் போடுங்கள், இல்லாவிட்டால் தூணைச் சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்ளும். பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை அங்கே. பகலெல்லாம் கட்டிவைக்க வேண்டாம். பக்கத்தில் தண்ணீரும் மழைக்கு ஒதுங்க இடமும் இருக்கட்டும். நாயின் வாடையும் குரைப்பும் நரியையும் தெருநாயையும் தள்ளி நிறுத்தும்.

மேய்ச்சலுக்கென்றே ஒரு நாய் வேண்டுமென்றால், கோழிகள் திரிகிற வீட்டில் அவற்றின் நடுவில் குட்டி போட்ட நாட்டுநாயிடமிருந்து இரண்டு மாதக் குட்டி ஒன்றை எடுங்கள். தாய் கோழியைச் சட்டை செய்யாமல் படுத்திருப்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு எடுங்கள். வெளிநாட்டுச் சடைநாய்களை ஆன்லைனில் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அந்த ரோமத்தோடு நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் அவை படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

எந்த நாயானாலும் பச்சைக் கோழிக்குடலும் தலையும் போடாதீர்கள். மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி தடுப்பூசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, பிறகு வருடம் ஒன்று. நாயைக் கீரியோ நரியோ கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே கால்நடை மருத்துவமனைக்கு. கருத்தடையும் செய்துவிடுங்கள். கடலூரில் முடியாவிட்டால் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். இன்னொன்று: உங்கள் நாய் அவிழ்ந்துபோய் ஆளைக் கடித்தால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. அஜாக்கிரதையாக வைத்திருந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்கிற தண்டனைச் சட்டத்தின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

தங்கை சொன்னது சரி, கணவர் சொன்னது பாதி சரி

பகல் காவலுக்கு என் ஓட்டு கினிக்கோழிக்கு. பருந்தின் நிழல், வரப்பில் பாம்பு, புதிதாய் ஒரு பூனை, எது கண்ணில் பட்டாலும் கூட்டமாய்க் கூடிக் கத்தும். எதிர்த்து நின்று அடிக்காது. அது ஒரு சைரன், அவ்வளவுதான். சைரன் கேட்டால் கோழிகள் புதருக்குள் ஓடும், நீங்கள் வெளியே வருவீர்கள். ஐந்தாறு போதும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் புது ஸ்கூட்டர் வந்தாலும் அவை அதே கத்து கத்தும்.

வளர்ந்ததை வாங்கினால் பறந்துபோய்விடும். முட்டை வாங்கி உங்கள் அடைக்கோழியின் கீழ் வையுங்கள். அந்தக் குஞ்சுகள் உங்கள் கோழிகளையே தம் இனமாக நினைத்து வளரும். இங்கே பலர் தவறுவது ஒன்று: கோழி முட்டை 21 நாளில் பொரியும், கினிக்கோழி முட்டைக்கு 26 முதல் 28 நாள் வேண்டும். இரண்டையும் கலந்து வைத்தால் கோழிக்குஞ்சு பொரிந்ததும் தாய் எழுந்து போய்விடும், மிச்சம் கூமுட்டையாகும். கினி முட்டை மட்டும் 12 முதல் 15 வையுங்கள். பங்குனி முதல் அவை முட்டையிடும் காலம். ஆனிக்குள் பொரித்துவிட்டால் அடைமழைக்குள் தேறிவிடும். ஈரத்தில் நனைந்த குஞ்சு பிழைப்பது கடினம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் முழுகிச் சாகும். புரதம் அதிகம் தேவை. முதல் ஆறு வாரம் வான்கோழிக் குஞ்சுத் தீவனம் கிடைத்தால் அதையே கொடுங்கள். மாலையில் தினமும் ஒரே நேரத்தில் கொட்டகைக்குள் கம்பு தூவிப் பழக்குங்கள். பழக்காவிட்டால் மரத்தில் அடையும். அங்கே மரநாய்க்கு அது விருந்து.

மத்திய பறவை ஆராய்ச்சி நிலையத்தின் கினிக்கோழி இனங்கள் காதம்பரி, சித்தம்பரி, சுவேதாம்பரி. சித்தம்பரி என்றதும் நம் சிதம்பரத்துச் சரக்கு என்று யாராவது விலையேற்றிச் சொன்னால் நம்பாதீர்கள். நிலையம் உத்தரப்பிரதேசத்து இஜத்நகரில் இருக்கிறது.

கணவர் சொல்லும் பெரிய வாத்து பூனையையும் கீரியையும் இறக்கையை விரித்துச் சீறி விரட்டப் பார்க்கும். நாய்க் கூட்டத்தின் முன்னால் நிற்காது. உங்களிடம் குட்டை இல்லை; தலை முழுக்க முக்கத் தண்ணீர் இல்லாவிட்டால் அதற்குக் கண்ணில் நோய் வரும், இருந்தால் கோழி மேயும் இடமெல்லாம் சேறாகும். பெருமாள் ஏரி பக்கம் குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. வாத்தினம் பறவைக்காய்ச்சல் கிருமியை வெளியே தெரியாமல் சுமக்கக்கூடியது. அதனால் உங்கள் இடத்துக்கு நான் சொல்ல மாட்டேன். வான்கோழியும் வேண்டாம், கோழியின் குடற்புழு மூலம் பரவும் கரும்தலை நோய் கோழியை அவ்வளவாகத் தொடாது, வான்கோழியைக் கொன்றுவிடும்.

சேவலை மறந்துவிட்டீர்கள். வானத்தில் நிழல் தெரிந்தால் ஒரு குரல், தரையில் பகை வந்தால் வேறு குரல் என்று பிரித்துச் சொல்கிற காவலாளி அது. பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். உங்களிடம் ஆறு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; அவை தங்களுக்குள் சண்டை போடவே நேரம் போதாது. மூன்றைக் குறையுங்கள். குஞ்சுகளை ஆறு வாரம் வரை பஞ்சாரத்துக்குள் தாயோடு அடைத்து, நீங்கள் வாசலில் இருக்கும்போது மட்டும் திறந்துவிடுங்கள். முற்றத்துக்கு மேலே பழைய மீன்வலை கட்டலாம். கடலூர் முதுநகரில் கழித்துக்கட்டிய வலை கேட்டால் கிடைக்கும். தளரவிடாமல் இழுத்துக் கட்டுங்கள். தரையோடு தொங்கினால் சாரைப்பாம்பு சிக்கிச் சாகும். உங்கள் எலிகளைத் தின்பது அதுதான்.

கொழுந்தனாருக்கு

விஷம் வைத்த கோழியை முதலில் தின்னப்போவது உங்கள் ராஜபாளையம், அடுத்தது தெருநாய், பிறகு அவற்றைக் கொத்த வரும் காக்கை. கீரி, மரநாய், காட்டுப்பூனை, நரி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. கொல்வதோ கண்ணி வைத்துப் பிடிப்பதோ சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நாய்க்கோ அடுத்தவர் ஆட்டுக்கோ விஷம் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. வேலியில் மின்சாரம் இழுத்துவிடும் யோசனையை யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அதில் ஆள் சாகும். கொட்டகைக்குள் மரநாய் மாட்டிக்கொண்டால் கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள், போய்விடும். போகாவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

காயம்பட்ட கோழியை அறுத்துவிடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். குட்டிகளுக்குத் தடுப்பூசி போட்டதாக நீங்கள் எழுதவில்லை, அதனால் கறிக்கு வேண்டாம். எழுந்து நிற்கிறது, தண்ணீர் குடிக்கிறது என்றால் பிழைக்க வாய்ப்புண்டு. கையுறை போட்டுக்கொண்டு காயத்தைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்து, உப்புத் தண்ணீரில் கழுவி, போவிடோன் அயோடின் தடவுங்கள். பல் பதிந்த ஓட்டைகள் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். தைக்கக் கூடாது, திறந்தே ஆற வேண்டும். ஓரத்தில் வேப்பெண்ணெய் தடவினால் ஈ உட்காராது. இருட்டான, மற்றக் கோழிகள் கொத்தாத இடத்தில் தனியாக வையுங்கள். நாளைக்குள் மருத்துவரிடம் காட்டி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். தீனி எடுக்காமல் தலையைத் தொங்கப்போட்டு மலம் பச்சையாகப் போனால் கிருமி உள்ளே இறங்கிவிட்டது. வலியோடு இழுத்தடிக்க விடாமல் மருத்துவரிடம் சொல்லி முடித்துவிடுங்கள். செத்ததை மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். மேலே ஒரு கல், இல்லாவிட்டால் குட்டிகள் தோண்டிவிடும்.